ஆறு நாள் விரதம்! காலை எட்டரைக்கு வேலை!

தீபாவளி முடிந்தது. ஊருக்குப் போனவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு திருப்பூருக்குத் திரும்புகிறார்கள். மதுரை, தேனி, நெல்லை என்று பல ஊர் பஸ்களில் கூட்டம் வந்து இறங்குகிறது. பனியன் கம்பெனிகள் ஒவ்வொன்றாகத் திறக்கின்றன.

இந்தச் சமயத்தில்தான் கந்த சஷ்டி விரதமும் வருகிறது!

ஐப்பசி அமாவாசைக்கு மறுநாள் விரதம் தொடங்கும். ஆறாம் நாள் சூரசம்காரம். ஏழாம் நாள் திருக்கல்யாணம்.

திருப்பூரைச் சுற்றி முருகன் கோவில்களுக்குக் குறைவே இல்லை. காங்கயம் அருகே சிவன்மலை இருக்கிறது. ஊத்துக்குளியில் கதித்தமலை. பொங்கலூர்ப் பக்கம் அலகுமலை. சற்றுத் தள்ளிப் போனால் சென்னிமலை. கந்த சஷ்டி கவசம் அரங்கேறிய இடம் சென்னிமலைதான் என்று சொல்வார்கள்.

ஆகவே வீட்டுக்கு வீடு விரதம் இருக்கிறார்கள். சிலர் ஒரு வேளை மட்டும் சாப்பிடுவார்கள். சிலருக்குப் பாலும் பழமும்தான். வெங்காயம், பூண்டு சேர்ப்பதில்லை.

வெறும் டீ போதுமா?

வீட்டில் இருப்பவர்கள் களைத்தால் படுத்துக்கொள்ளலாம். பவர் டேபிளில் தைக்கும் பெண் என்ன செய்வாள்?

காலை எட்டரைக்கு உட்கார்ந்தால், ஒன்றரை ஷிப்டு முடிய இரவாகிவிடும். டீ நேரத்தில் மற்றவர்கள் பன் சாப்பிடுவார்கள். இவள் வெறும் டீயைக் குடித்துவிட்டு மறுபடியும் தைக்க உட்காருவாள். பீஸ் கணக்கில் கூலி. ஓய்ந்து உட்கார்ந்தால் காசு போய்விடும்!

எதிரே ஊசி ஓடுகிறது. கண் இருட்டினால் விரல் என்ன ஆகும்? நினைத்துப் பாருங்கள்!

விரதத்தை விட வேண்டாம். விரதத்துக்கு ஏற்ற சாப்பாட்டைச் சரியாகச் செய்துகொண்டால் போதும். அதற்குப் பெரிய செலவும் இல்லை. நம் கொங்கு நாட்டு மேட்டுக்காட்டில் விளைந்த சாமையும் தினையும் இருக்கின்றன. தீட்டிய அரிசியைவிட இவற்றில் நார்ச்சத்து அதிகம். மெதுவாகச் செரிக்கும். சீக்கிரம் பசிக்காது.

தினைமாவு உருண்டை

தினையும் தேனும் முருகனுக்குப் பிடித்தவை. வள்ளி தினைப்புனம் காத்த கதை எல்லோருக்கும் தெரியுமே!

ஒரு டம்ளர் தினையைக் கழுவி நிழலில் உலர்த்துங்கள். வெறும் வாணலியில் வாசம் வரும்வரை வறுங்கள். ஆறியதும் அரைத்துச் சலியுங்கள். தூள் செய்த வெல்லம் அரை டம்ளர், பொடித்த ஏலக்காய் இரண்டு சேருங்கள். ஊத்துக்குளி நெய்யை மூன்று கரண்டி உருக்கி ஊற்றுங்கள். சூடு ஆறிய பிறகு ஒரு கரண்டி தேன் விட்டு, எலுமிச்சம்பழ அளவில் பிடியுங்கள்.

டப்பாவில் இரண்டு உருண்டை எடுத்துப் போகலாம். டீ நேரத்துக்கு ஆகும். இரண்டு மூன்று நாளுக்கு வேண்டியதை மட்டும் செய்யுங்கள். அதிக நாள் வைத்தால் சிக்கு வாடை வரும்.

சாமைத் தயிர் சாதம்

இது ஒரு வேளை சாப்பிடுகிறவர்களுக்கு.

ஒரு டம்ளர் சாமையைக் கல் நீக்கிக் கழுவி, கால் மணி நேரம் ஊற வையுங்கள். மூன்று டம்ளர் தண்ணீர் விட்டுக் குழைய வேக வையுங்கள். ஆறியதும் தயிர், சிறிது பால், உப்பு கலந்து பிசையுங்கள். கடுகு, இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டுங்கள்.

காலையில் பால் அதிகமாகவும் தயிர் குறைவாகவும் விட்டால், மத்தியானம் புளிக்காது.

பாசிப்பருப்புக் கஞ்சி

இரவு வேலை முடிந்து வந்து அடுப்பு மூட்டவே அலுப்பாக இருக்கும். அப்போது இதைச் செய்யலாம். பால், பழம் மட்டும் என்பவர்களைத் தவிர மற்றவர்களுக்கு இது ஏற்றது.

முக்கால் டம்ளர் சாமை, கால் டம்ளர் பாசிப்பருப்பு, ஆறு டம்ளர் தண்ணீர். எல்லாவற்றையும் குக்கரில் போட்டு வேக விடுங்கள். உப்பு, மிளகு, சீரகம் சேர்த்தால் போதும். உப்பை விட்டவர்கள் வெல்லமும் தேங்காய்ப் பாலும் சேர்த்துக்கொள்ளலாம்.

இவர்கள் கவனம்!

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்கள் வயிற்றைக் காயப் போடக் கூடாது. சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரும். மருத்துவரைக் கேட்காமல் விரதம் தொடங்க வேண்டாம். தினை உருண்டையில் வெல்லமும் தேனும் இருப்பதையும் மறக்க வேண்டாம். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் சாப்பாட்டைக் குறைக்க வேண்டாம்.

தண்ணீர் நிறையக் குடியுங்கள். அயர்ன் டேபிளில் நிற்பவர்களுக்கு இது மிக முக்கியம். நீராவிச் சூட்டில் வியர்வை கொட்டுமே!

தலை சுற்றினால் மிஷினை உடனே நிறுத்துங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். இரண்டு பீஸ் குறைந்தால் நாளைக்குத் தைத்துக்கொள்ளலாம்.

ஏழாம் நாள் விரதம் முடிந்ததும் வடையிலும் பாயசத்திலும் கை வைக்காதீர்கள். முதலில் கஞ்சி, பிறகு விருந்து!

பக்கத்து அறைப் பெண்ணும் விரதமா? ஊரை விட்டு வந்து தனியே இருப்பாள். உருண்டை பிடிக்கும்போது அவளுக்கும் இரண்டு பிடியுங்கள்.