எஞ்சின் நல்லாத்தான் இருந்தது, ஓ-ரிங்தான் சரியில்லை

"ஹெலிகாப்டர்ல எஞ்சின் ஃபெயிலியர்னு நியூஸ்ல சொல்றாங்களே, எஞ்சினே உடைஞ்சு போயிடுமா?"ன்னு நாமக்கல்லில் இருந்து ஒரு நேயர் கேட்டிருந்தார். சில நேரம் உடையும். ஆனா இன்னைக்கு நான் சொல்லப்போறது வேற: நல்லா இருந்த எஞ்சினைப் பிரிச்சு மாட்டினதுல வந்த கோளாறு.

முதல்ல ஓ-ரிங். சங்ககிரி லாரி பட்டறையிலயோ, திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வச்சிருக்கவங்ககிட்டயோ கேளுங்க, உடனே எடுத்துக் காட்டுவாங்க. சின்ன ரப்பர் வளையம். ரெண்டு உலோகப் பாகம் சேர்ற இடத்துல நசுங்கி உட்கார்ந்து, எண்ணெய் கசியாமல் அடைக்கும். பார்க்க எல்லாமே ஒரே கருப்பு வளையம்தான். ஆனால் ரப்பர் வேறு வேறு. தண்ணீர் லைனுக்குப் பொருந்துற ரப்பர் எண்ணெயில் ஊறினால் உப்பிப்போகும். சூடு தாங்காத ரப்பர் இறுகி வெடிக்கும். ரிக்கில் ஒண்ணு போனால் ஹைட்ராலிக் ஆயில் பீச்சும், அன்னைக்கு வேலை கெடும். எஞ்சினோட எரிபொருள் லைனில் போனால்?

2022 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்க ராணுவம் தன்னோட சினூக் ஹெலிகாப்டர்கள் சுமார் 400-ஐயும் தரையிலேயே நிறுத்தியது. சிலவற்றில் எரிபொருள் கசிந்து எஞ்சின் தீப்பிடித்திருந்தது. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை. எஞ்சினைத் தயாரிக்கும் ஹனிவெல் நிறுவனம், வடிவமைப்பு அளவுகோலுக்குப் பொருந்தாத ஓ-ரிங்குகள் சில எஞ்சின்களில் இருந்ததாகவும், ராணுவப் பணிமனையில் வழக்கமான பராமரிப்பின்போது அவை மாட்டப்பட்டதாகவும் சொன்னது. நம்ம விமானப்படையிடமும் 15 சினூக் இருக்கு. அவை பறந்துகொண்டுதான் இருந்தன, ஆனால் இந்தியா போயிங்கிடம் விவரம் கேட்டது.

சினூக்கில் ரெண்டு எஞ்சின். ஒண்ணு நின்றாலும் மற்றது ரெண்டு விசிறிகளையும் சுற்றும். அப்போ பயம் எதுக்குன்னு தோணும். ஒரே பணிமனை, ஒரே பெட்டி ஓ-ரிங் ரெண்டு எஞ்சினுக்கும் போயிருந்தால், அந்த 'மற்றது' எங்கே இருக்கு?

இது வெறும் கற்பனைக் கேள்வி இல்லை. ஹெலிகாப்டரை விட்டு ஒரு நிமிஷம் விமானத்துக்கு வர்றேன், ஏன்னா இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. 1983 மே 5, ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 855. மயாமியிலிருந்து பஹாமாஸ் தீவுகளில் உள்ள நாசாவுக்குப் போன மூன்று எஞ்சின் விமானம், உள்ளே 172 பேர். முந்தின ராத்திரி மூன்று எஞ்சினிலும் சிப் டிடெக்டரை மாற்றியிருந்தார்கள். அது எண்ணெய்க்குள் இருக்கும் காந்தம். எஞ்சின் தேய்ந்தால் வரும் இரும்புத்தூளைப் பிடித்துக் காட்டும். அதாவது, எஞ்சினைக் காப்பாற்றத்தான் அந்த வேலையே.

வழக்கமா அது ஓ-ரிங் மாட்டியபடியே மெக்கானிக் கைக்கு வரும். அன்னைக்கு எப்பவும் இருக்கும் இடத்தில் இல்லை, ஸ்டோரிலிருந்து எடுத்தாங்க. அதில் ஓ-ரிங் இல்லை. வேலை அட்டையில் 'புது ஓ-ரிங் போடவும்' என்ற வரி இருந்தது, கையெழுத்தும் விழுந்தது. கசிவு இருக்கான்னு எஞ்சினைச் சுமார் பத்து விநாடி சுற்றிப் பார்த்தார்கள். எண்ணெய் வெளியே வர அது போதாது.

நடுவானில் ஒரு எஞ்சினில் எண்ணெய் அழுத்தம் இறங்கியது. அதை அணைத்துவிட்டு மயாமிக்குத் திரும்பினார்கள். பிறகு மற்ற ரெண்டிலும் அதே எச்சரிக்கை. மூன்றும் ஒரே நேரத்தில் கெடாது, மீட்டர்தான் பொய் சொல்லுதுன்னு விமானிகள் நினைத்தார்கள். அவங்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரலை. அந்த ரெண்டும் அடுத்தடுத்து நின்றன. சுமார் 13,000 அடியிலிருந்து 4,000 அடி வரை எஞ்சினே இல்லாமல் இறக்கம், கீழே கடல். முதலில் அணைத்த எஞ்சின் திரும்பப் பிடித்தது. அந்த ஒன்றை வைத்தே தரையிறங்கினார்கள். 172 பேரும் பிழைத்தார்கள்.

கடல் தாண்டி நெடுந்தூரம் பறக்கும் இரட்டை எஞ்சின் விமானங்களுக்கு இன்னைக்கு ஒரு விதி இருக்கு: ஒரே ஆள், ஒரே சமயத்தில், ரெண்டு எஞ்சினிலும் ஒரே வேலையைச் செய்யக் கூடாது. தவிர்க்கவே முடியலைன்னா, இன்னொருத்தர் சரிபார்க்கணும். இந்த விதி பேசுறது வேலை செய்யும் ஆளைப் பற்றி. ஓ-ரிங் வந்த பெட்டி ஒண்ணா ரெண்டான்னு ஸ்டோரில்தான் பார்க்கணும்.