சுண்டுவிரலுக்கு இடம் உண்டா?

ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். தோட்டத்துக்குப் போகும்போது பையில் போட்டுக்கொள்ள மடங்காத சின்னக் கத்தி ஒன்று வாங்கினாராம். கடையில் பிடித்துப் பார்த்தபோது கச்சிதமாக இருந்ததாம். கால் மணி நேரம் குச்சி சீவினால் உள்ளங்கை எரிகிறதாம். "குறை கத்தியிலா, என் கையிலா?" என்கிறார்.

கத்தியில்தான் ஐயா. கடையில் எந்தக் கத்தியும் நன்றாகத்தான் இருக்கும், புதுச் செருப்பு மாதிரி. எந்த வார் கடிக்கும் என்பது நாலு தெரு நடந்த பிறகுதான் தெரியும்.

மடக்குக் கத்தியை விட்டு இதை அவர் வாங்கியது சரியான முடிவு. இதில் கீல் இல்லை. மாம்பழச் சாறு இடுக்கில் புகுந்து பிசுபிசுக்காது, அலகு விரல்மேல் மடங்கிவிடாது. உறையைத் தொலைக்காமல் இருந்தால் போதும்.

என்னிடம் இருப்பது சுவீடனின் மோரா ஊர்க் கத்தி. 1891-இல் ஃப்ரஸ்ட் எரிக் எர்சன் என்பவர் அமெரிக்காவிலிருந்து ஊர் திரும்பி, மரம் ஏற்றும் பனிச்சறுக்கு வண்டி செய்யப் பட்டறை போட்டார். கூடவே கத்தியும் செய்தார். வண்டியை யாரும் இன்று நினைப்பதில்லை. கத்தியால்தான் அந்தப் பட்டறைக்குப் பெயர். அதன் பிடியைப் பாருங்கள், நடுவில் பருத்து இரு பக்கமும் இளைத்த குட்டிப் பீப்பாய். உள்ளங்கைக் குழியில் அந்தத் தொப்பை போய் உட்கார்ந்துகொள்கிறது. கத்தியை எப்படித் திருப்பிப் பிடித்தாலும் உறுத்தும் முனை எதுவும் இல்லை.

பையில் அடங்க வேண்டுமே என்று இந்தப் பிடியைத்தான் பலர் முதலில் குறைக்கிறார்கள். வளர்ந்தவர் உள்ளங்கையின் அகலம் ஏறத்தாழ 8 முதல் 9 செ.மீ. பிடி 7 செ.மீ. என்றால் சுண்டுவிரல் அந்தரத்தில் தொங்கும். பெயர்தான் சுண்டு, பிடியின் பலத்தில் அதற்கும் மோதிர விரலுக்கும் பெரும் பங்கு உண்டு. சந்தேகமிருந்தால் சுண்டுவிரலைத் தூக்கிக்கொண்டு மண்வெட்டி பிடித்துப் பாருங்கள். பருமனும் அப்படித்தான். 3, 4 செ.மீ. குறுக்களவுள்ள பிடியைக் கை இயல்பாகப் பற்றும். தட்டையான 1 செ.மீ. பிடியைப் பற்ற இன்னும் இறுக்க வேண்டியிருக்கிறது, எரிச்சல் அங்கேதான் தொடங்குகிறது. என் அம்மா தோசைத் திருப்பியின் கம்பிப் பிடியில் பழைய புடவைக் கிழிசலைச் சுற்றி வைத்திருந்தது சூட்டுக்காக மட்டும் என்று வெகுநாள் நினைத்திருந்தேன்.

சோதனை எளிது. பச்சை வேப்பங்குச்சி ஒன்றை எடுத்துக்கொண்டு திண்ணையில் அரை மணி நேரம் சீவுங்கள். பிறகு உள்ளங்கையை விரித்துப் பாருங்கள். எங்கே சிவந்திருக்கிறதோ அங்கே பிடியில் ஒரு விளிம்பு இருக்கும்.

கட்டைவிரல் நுனி சிவந்திருந்தால் குற்றவாளி பிடியல்ல, அலகின் முதுகு. எனக்கு மிகப் பிடித்த விநோதம் இது. மோராவின் சில சின்னக் கத்திகளில் முதுகை வேண்டுமென்றே செங்கோணமாகத் தீட்டியிருப்பார்கள். காட்டில் தீ மூட்டும் கம்பியை அதில் உரசினால் பொறி பறக்கும். குளிர் நாட்டுக்காரருக்கு அது உயிர் காக்கும் வசதி. லைட்டரால் கேஸ் அடுப்பு பற்றவைக்கும் நமக்கு அது கட்டைவிரலைப் பிராண்டும் விளிம்பு. உப்புத்தாளை வைத்து நாலு இழுப்பு இழுத்தேன், சாதுவாகிவிட்டது.

அலகு 2 மி.மீ. தடிமன் இருந்தால் போதும். 4 மி.மீ. கத்தி பார்க்க வீரமாக இருக்கும்; கேரட்டில் வைத்தால் வெட்டாது, ஆப்பு மாதிரி பிளக்கும். 'டொக்' என்று சத்தம் வரும், துண்டு தரையில் ஓடும். மோராவின் வாயில் இரு பக்கமும் ஒவ்வொரு சரிவுதான். அந்தச் சரிவைச் சாணைக்கல்லில் அப்படியே படியவைத்துத் தேய்த்தால் வேலை முடிந்தது, கோணம் கணக்கிட வேண்டியதில்லை. துருப்பிடிக்கும் கார்பன் எஃகு வாங்கியிருந்தால் மாங்காய் நறுக்கியதும் கழுவித் துடையுங்கள். இல்லாவிட்டால் அலகும் கறுக்கும், துண்டும் கறுக்கும்.

ஆனால் இத்தனை பார்த்து வாங்கிய கத்தியால் பெயின்ட் டப்பாவை நெம்புகிறோம், ஸ்குரூ திருகுகிறோம். முனை ஒடிந்ததும் 'மட்டமான இரும்பு' என்கிறோம். சாணையையாவது ஒழுங்காகப் பிடிக்கிறோமா? மின்சாரச் சக்கரத்தில் அவசரமாகக் கொடுத்து வாங்கிய என் பழைய கத்தியின் வாயில் மயில்கழுத்து நீலம் பாய்ந்துவிட்டது. சூட்டில் பதம் போன எஃகு அது. இன்று தீட்டினால் நாளை மழுங்கும். கல்லில் தண்ணீர் விட்டு நாமே பத்து நிமிடம் தேய்ப்பதைக் கௌரவக் குறைச்சலாக நினைக்கிறோமோ என்னவோ. வீட்டுக்கு ஆறு கத்தி இருக்கிறது, தக்காளித் தோலில் இறங்குவது ஒன்றுகூட இல்லை.

ஒட்டன்சத்திரத்துக்காரர் கத்தியைத் தூக்கிப் போட வேண்டாம். பஞ்சர் கடையில் பழைய சைக்கிள் டியூபில் ஒரு சாண் கேளுங்கள். சோப்புத் தண்ணீர் தடவிப் பிடியின்மேல் இழுத்து மாட்டுங்கள், தேவைப்பட்டால் இரண்டு அடுக்கு. பிடியின் அடியில் துளை இருந்தால் கெட்டிக் கயிறு கோத்து ஒரு பெரிய முடிச்சுப் போடுங்கள். சுண்டுவிரல் அதைப் பிடித்துக்கொள்ளும்.