தாங்கியின்றி ஊக்கியில்லை

பெற்றோல் வாகனங்களின் புகைக்குழாயில் பொருத்தப்பட்டுள்ள ஊக்கி மாற்றியை நம்மில் பெரும்பாலானோர் கண்டிருக்க மாட்டோம். எனினும் நாம் சுவாசிக்கும் காற்றின் தரத்தை நிர்ணயிப்பதில் அதற்குக் கணிசமான பங்குண்டு. அதிலுள்ள பிளாற்றினம், பலேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் நச்சு வாயுவான காபனோரொட்சைட்டைக் காபனீரொட்சைட்டாகவும், நைதரசன் ஒட்சைட்டுகளை நைதரசனாகவும் மாற்றுகின்றன. தான் செலவாகாமல் இரசாயனத் தாக்கத்தை விரைவுபடுத்துவதே ஊக்கியின் இலக்கணம்.

ஆயினும் பெருமை முழுவதும் உலோகத்திற்கே உரியதன்று. ஒரு மாற்றியில் இவ்வுலோகங்கள் சில கிராம் மாத்திரமே உள்ளன. தாக்கம் மேற்பரப்பிலேயே நிகழ்வதால், அச்சிறிதளவு உலோகம் நனோமீற்றர் அளவிலான துணிக்கைகளாகப் பரப்பப்படல் வேண்டும். நுண்துளைகள் நிறைந்த அலுமினா அதற்குத் தாங்கியாகின்றது. ஒரு கிராம் அலுமினாவின் மேற்பரப்பு 100 சதுர மீற்றரையும் விஞ்சக்கூடியது. தாங்கி இல்லையேல், வெப்பத்தினால் துணிக்கைகள் விரைவில் ஒன்றுதிரண்டு செயலிழந்துவிடும்.

தாங்கி வெறும் மேடையன்று, தாக்கத்தில் பங்காளியுமாகும். மாற்றியில் சேர்க்கப்படும் சீரியம் ஒட்சைட்டு, புகையில் ஒட்சிசன் மிகும்போது அதனைச் சேமித்து, குறையும்போது வழங்குகின்றது. தாக்குதிறனற்றதெனக் கருதப்பட்ட தங்கமும், தகுந்த ஒட்சைட்டுத் தாங்கியில் நுண்துணிக்கைகளாகப் பதிக்கப்பட்டால், பூச்சியப் பாகை செல்சியஸுக்கும் கீழேயே காபனோரொட்சைட்டை ஒட்சியேற்றும் என்பதை ஜப்பானிய விஞ்ஞானி மசதகே ஹருத்தாவும் அவரது குழுவினரும் 1987 இல் எடுத்துக்காட்டினர்.

இவ்வுறவு எப்போதும் நன்மை பயப்பதில்லை. தைத்தேனியம் ஈரொட்சைட்டில் பதித்த பிளாற்றினத்தை ஐதரசனில் 500 பாகை செல்சியஸுக்குச் சூடாக்கினால், அது வாயுக்களைப் பற்றும் ஆற்றலைப் பெரிதும் இழப்பது 1978 இல் அறியப்பட்டது. தாங்கியின் மெல்லிய படலம் உலோகத்தின் மீது படர்வதே காரணமெனப் பின்னர் தெளிவாயிற்று.

ஈயமும் ஊக்கிக்கு நஞ்சாகும். இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002 இல் கைவிடப்பட்டதனால் அத்தடை நீங்கியது. ஆனால் உள்ளிருக்கும் உலோகத்தின் விலைக்காக மாற்றியையே கழற்றி விற்றால் இவ்வறிவியல் அனைத்தும் வீணாகும். அதன் பின்னரும் வாகனம் ஓடும். காபனோரொட்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை என்பதால் எவரும் உணரப்போவதுமில்லை. விற்றவருக்குக் கிடைப்பது ஒரு நாள் இலாபம். அதற்கான விலையை நாள்தோறும் செலுத்துவோர் பஸ் தரிப்பிடத்தில் காத்து நிற்கும் நம் பிள்ளைகளே. வாகன உரிமையாளர்கள் இதனைச் சிந்திக்க வேண்டும்.