புகையும் காய்ச்சலும்

"புகை பிடித்தால் நோய்க்கிருமி அண்டாது" என்பர் சிலர். 2020-இல் கொரோனா பரவியபோதும் இப்பேச்சு எழுந்தது. ஆனால், புகைப்பவர்களுக்கே நோய் கடுமையாகும் ஆபத்து அதிகம் என உலக சுகாதார நிறுவனம் எச்சரித்தது. ஏன்?

நம் மூச்சுக்குழாயின் உட்புறத்தில் நுண்ணிய மயிரிழைகள் உள்ளன. அவை ஓயாது அசைந்து, தூசியையும் கிருமிகளையும் சளியோடு வெளியே தள்ளுகின்றன. புகையிலைப் புகை இவற்றை முடக்குகிறது. காவலாளி உறங்கினால் திருடனுக்குக் கொண்டாட்டந்தானே!

இஸ்ரேல் படைப்பிரிவு ஒன்றில் இன்ஃப்ளூயன்ஸா பரவியதைப் பற்றிய ஆய்வு 1982-இல் வெளிவந்தது. புகைபிடித்த வீரர்களில் 68.5 சதவீதத்தினரும், பிடிக்காதவர்களில் 47.2 சதவீதத்தினரும் நோயுற்றனர். அனைவரும் உடல்நலமிக்க இளைஞர்களே!

இக்கட்டுரையை முதலில் என் தாத்தாவிற்குப் படித்துக் காட்டினேன். அன்று அவர் பீடிக்கட்டைத் தொடவில்லை. இனியும் தொடாதிருக்க ஜெபிக்கிறேன்.