ஊசியும் இதயமும்: மணிப்பூர் காட்டும் வழி

இதயநோய் என்றதும் நம் வீடுகளில் எண்ணெய், உப்பு, சர்க்கரை, காலை நடை என்றுதான் பேச்சு போகும். அது சரிதான். ஆனால் ஊசி வழியாக இதயத்தைத் தாக்கும் நோயும் ஒன்று உண்டு. மருந்துக்கடைத் தொழிலில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் அதைப்பற்றி இம்மலரில் நாலு வார்த்தை சொல்ல விரும்புகிறேன்.

மணிப்பூரை எடுத்துக்கொள்வோம். 1960களில் பர்மாவை விட்டு வந்த நம் மக்கள் குடியமர்ந்து, கோயிலும் தமிழ்ச் சங்கமும் கண்ட மோரே, அம்மாநிலத்தின் எல்லை ஊர். ‘நம்பர் ஃபோர்’ என்று அங்கே சொல்லப்படும் ஹெராயினும் 1980களில் அந்த எல்லையைத் தாண்டித்தான் பள்ளத்தாக்கிலும் மலைக் கிராமங்களிலும் பரவியது. டெக்ஸ்ட்ரோபுரோபாக்சிஃபீன் அடங்கிய வலி மருந்தைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொண்டவர்களும் உண்டு. இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கிறது என்று அம்மருந்தை அமெரிக்கா 2010இல் விலக்கியது. 2013இல் இந்திய அரசும் அதன் விற்பனையை நிறுத்தி வைத்தது.

ஊசி எப்படி இதயத்துக்குப் போகிறது? தோலின்மேல் ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற கிருமி சாதாரணமாகவே இருக்கும். அழுக்குத் தோலில் குத்தும்போதும், பழைய ஊசியைத் திரும்பப் போடும்போதும் அது ரத்தத்தில் இறங்குகிறது. கைநரம்பின் ரத்தம் முதலில் சேருமிடம் இதயத்தின் வலப்பக்கம். அங்குள்ள வால்வில் கிருமி கூடுகட்டிக்கொள்ளும். அதிலிருந்து பிய்ந்த துணுக்குகள் நுரையீரலில் போய் அடைக்கும். ஆகவே நோயாளிக்குத் தெரிவதெல்லாம் விடாத காய்ச்சல், குளிர் நடுக்கம், இருமல், மூச்சுவாங்கல். ‘டி.பி.யா இருக்கும், மலேரியாவா இருக்கும்’ என்று நாள் கடத்த இதுவே போதும்.

கண்டுபிடித்தால் குணப்படுத்தலாம். பெரும்பாலும் 4 முதல் 6 வாரம் ரத்தக்குழாய் வழியே ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள். சிக்கல் அங்கேதான். பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பும். ஆனால் போதைப்பொருள் நின்றதும் உடம்பு முறுக்கி வலிக்கும். வார்டில் ஏச்சுப் பேச்சு வேறு. நோயாளி எழுந்து போய்விடுகிறார். மலைக் கிராமத்தானுக்கு நகரத்து மருத்துவமனையே தொலைவு. 2023 மே மாதம் மூண்ட கலவரம் மலைக்கும் இம்பாலுக்கும் இடையே போக்குவரத்தையே முறித்துப் போட்டது.

இந்த இடத்தில்தான் ‘பியர்’ எனப்படும் சக தோழர் தேவைப்படுகிறார். தானும் ஊசி போட்டவர், அல்லது அதிலிருந்து மீண்டவர். இது புதுக் கற்பனையன்று. எச்.ஐ.வி. பரவியபோது, இம்பாலில் மீண்டவர்களே கூடி 1990களின் தொடக்கத்தில் அமைப்பு கண்டு, வீடுவீடாகப் போனார்கள். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டமும் 2007இல் தொடங்கிய மூன்றாம் கட்டத்தில், ஊசி போடுபவர் 40 பேருக்கு ஒரு தோழர் என்று கணக்கு வகுத்தது. புது ஊசி கொண்டுபோகும் அதே கை இதயத்துக்கும் காவலாகலாம் என்பதே என் கருத்து.

அவர் செய்ய வேண்டியது அதிகமில்லை. கையையும் குத்தும் இடத்தையும் சுத்தம் செய்யச் சொல்வது. ஊசியை நாக்கில் வைக்காதே என்பது. இரண்டு மூன்று நாள் காய்ச்சல் நின்றால் கையோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், ‘இவர் ஊசி போடுறவர், ஆன்டிபயாடிக் கொடுக்கு முன்னே ரத்தத்தைக் கல்ச்சருக்கு எடுங்க’ என்று டாக்டரிடம் சொல்வது. உடல் முறுக்குக்குப் புப்ரினார்ஃபின் அல்லது மெத்தடோன் கேட்பது. மெத்தடோன் என்றால் ஈ.சி.ஜி.யும் எடுக்கச் சொல்வது. அந்த ஆறு வாரமும் பக்கத்தில் இருப்பது. புகையிலையை விடவும், ரத்த அழுத்தம் பார்க்கவும் சொன்னால், அவர் சொல்லுக்குத் தனி மதிப்பு. பட்டவன் சொல்வது பட்டவனுக்கு ஏறும்.

மணிப்பூர் நமக்குத் தொலைவு என்று இருந்துவிட முடியாது. இந்தியாவில் ஊசி வழியே போதைப்பொருள் ஏற்றுபவர் சுமார் 8.5 லட்சம் பேர் என்று 2019இல் வெளியான மத்திய அரசின் ஆய்வு மதிப்பிட்டது. நாம் குடியிருக்கும் ஊர்களிலும் அவர்கள் உண்டு. அவர்களுக்கும் அம்மா அப்பா உண்டு. அப்படி ஒரு வீட்டில் விடாத காய்ச்சல் என்று கேள்விப்பட்டால், ‘அவனுக்கு இது வேணும்’ என்று சொல்லாதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள். போதை மீட்பு உதவிக்கு 14446 என்ற இலவச எண்ணையும் எழுதிக் கொடுங்கள். உரிய நேரத்தில் சிகிச்சை கிடைத்தால் அந்தப் பிள்ளை பிழைத்துக்கொள்வான்.