இருதயத் துவாரமும் நீர்க்குமிழியும்

இளவயதிற் பாரிசவாதம் கண்டவர்களுக்கு வைத்தியர் எழுதும் ‘குமிழிப் பரிசோதனை’ கிரான்பர்ன் வாழ் நம்மவரை அச்சுறுத்தக்கூடும். நாளத்திற் காற்றேற்றுவதா?

சிறிதளவு காற்றுடன் குலுக்கிய உப்புக்கரைசலே ஊசிமூலம் செலுத்தப்படுகிறது. அந்நுண்குமிழிகள் எக்கோ திரையில் வெண்பொட்டுக்களாக வலது இருதயத்தை நிரப்பி, நுரையீரலில் வடிக்கப்பட்டு மறைகின்றன. மூன்று துடிப்புக்குள் இடப்பக்கத்திலும் தோன்றினால், சோணையறைகளுக்கிடையே துவாரம் இருக்கக்கூடும்; குமிழிகளின் தொகை, குருதி கடக்கும் அளவை ஏறக்குறைய உணர்த்தும். 1968இல் அமெரிக்காவில் கிராமியாக்கும் பிரவின் ஷாவும் வெளியிட்ட அவதானிப்பின் வழிவந்த முறை இது. ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு இச்சிறுவழி மூடாதிருக்கிறது, பெரும்பாலோர்க்குத் தீங்கில்லை.

நாம் கவனிக்க வேண்டியது வேறு. ‘மூச்சையடக்கி முக்குங்கள், இப்போது விடுங்கள்’ என்பது விளங்காவிடின் துவாரம் தென்படாமலே போகலாம். பிள்ளைகளை மொழிபெயர்க்க விடாதீர்கள். அரசாங்க வைத்தியசாலைகளில் மொழிபெயர்ப்பாளர் சேவை இலவசம். திகதி குறிக்கும்போதே தமிழில் வேண்டுமெனக் கேளுங்கள்.