கொதிக்கும் என்ஜின்! மூடியைத் திறக்காதீர்கள்!

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் பாரம் ஏற்றிய டீசல் பிக்கப் வண்டி மலை ஏறுகிறது. இழுவை குறைகிறது. வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தொடுகிறது. என்ன செய்வது?

ஓரமாக நிறுத்துங்கள். சக்கரத்துக்குக் கல் கொடுங்கள். ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள்! உள்ளே தண்ணீர் அழுத்தத்தில் இருக்கிறது. 100 டிகிரியைச் சற்றுத் தாண்டினாலும் கொதிக்காது. மூடியைத் திறந்தால் அழுத்தம் போய்விடும். தண்ணீர் அப்போதே ஆவியாகிப் பீறிடும். முகம் வெந்துவிடும்!

குறைந்தது அரை மணி நேரம் ஆறவிடுங்கள். பிறகு பாருங்கள். தண்ணீர் குறைந்திருக்கிறதா? விசிறி பெல்ட் தளர்ந்திருக்கிறதா? ரேடியேட்டரில் சேறு அடைத்திருக்கிறதா? கரும்புகை வந்தால், காற்று வடிகட்டியில் தூசி அடைத்திருக்கலாம்.

சூடான என்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள். விரிசல் விடும்.

சுமை தாமதமாகப் போகலாம். ஓட்டுகிறவர் நலமாக வீடு திரும்பவேண்டும்!